கில்டு அம்மா

2006 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘வயர்டு’ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. ஜான் சீலி பிரவுன், டக்ளஸ் தாமஸ் என்ற இருவர் எழுதியது. யாஹூ நிறுவனத்தில் உயர்பதவிக்கு வந்த ஸ்டீபன் கில்லெட் என்பவரைப் பற்றியது. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டில் அவர் ஒரு கில்டுக்குத் தலைவராக இருந்ததை அவருடைய தகுதிகளில் ஒன்றாக அது எடுத்துவைக்கிறது. புதியவர்களைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது, அவர்களைப் பழக்கிவிடுவது, எல்லோரையும் ஒரு திட்டத்தில் நகர்த்துவது, சண்டை வந்தால் தீர்த்துவைப்பது, இவையெல்லாம் நல்ல நிர்வாகப் பயிற்சி என்பது கட்டுரையின் வாதம்.

அதே விளையாட்டில் ஐந்து வருடம் ஒரு கில்டை நடத்தியவள் நான். வாதம் சரிதான். அது சொல்லும் ஒவ்வொரு வேலையையும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் ஒருவரும் என்னை நிர்வாகி என்று சொன்னதில்லை. எனக்குக் கிடைத்த பட்டம் ‘கில்டு மாம்’. கில்டின் அம்மா. எனக்கென்று வைத்த செல்லப்பெயரும் இல்லை அது. ஆங்கிலம் பேசும் விளையாட்டு உலகத்தில் சாதாரணமாகப் புழங்கும் சொல். ஒரு கில்டில் எல்லோரையும் விசாரித்துக்கொண்டு, சண்டையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் இருந்தால் அவளுக்கு அந்தப் பெயர் தானாக வந்துவிடும். வயது ஒரு பொருட்டில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு. என்னை ‘மாம்’ என்று அழைத்தவர்களில் நாற்பது கடந்தவர்களும் உண்டு.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளிவந்தது. மாதச் சந்தா கட்டி விளையாட வேண்டும். 2010இல் உலகம் முழுக்க 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். இதில் சில எதிரிகளைத் தனியாளாக வீழ்த்தவே முடியாது. தொடக்கத்தில் நாற்பது பேர் சேர்ந்து போக வேண்டியிருந்தது, 2007இல் அது இருபத்தைந்தாகக் குறைந்தது. இப்படிக் கூட்டாகப் போவதற்கு ரெய்டு என்று பெயர். அடியை முன்னால் நின்று வாங்குபவர் டாங்க், மற்றவர்களின் உயிரைக் காப்பவர் ஹீலர், மிச்சப் பேர் அடிப்பவர்கள். வாரத்தில் மூன்று இரவு, ஒவ்வொரு இரவும் மூன்றரை மணி நேரம், அதே இருபத்தைந்து பேர் வர வேண்டுமென்றால் ஒரு நிரந்தர அமைப்பு தேவை. அதுதான் கில்டு.

நான் சென்னையிலிருந்து ஐரோப்பிய சர்வரில் விளையாடினேன். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை.

ரெய்டு நேரத்தில் கட்டளை கொடுப்பவருக்கு ரெய்டு லீடர் என்று பெயர். எங்கள் கில்டில் அவர் ஓர் ஆண், திறமையானவர், உரத்த குரல். “இடது பக்கம் ஓடு, இப்போ நிறுத்து, இப்போ அடி.” இந்த உலகத்தைப் பற்றிப் படம் எடுப்பவர்களும் கட்டுரை எழுதுபவர்களும் முதலில் பார்ப்பது இந்தக் குரலைத்தான். அந்தக் குரல் எழும்புவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டியவை வேறு. யாருக்குப் பரீட்சை, யாருக்கு இரவு ஷிஃப்ட், யார் கைக்குழந்தை அழுதால் பாதியில் எழுந்துபோவார் என்று பார்த்து வாரப் பட்டியல் போடுவது. போன வாரம் வெளியே உட்காரவைக்கப்பட்டவரை இந்த வாரமும் உட்காரவைக்காமல் பார்ப்பது. கில்டு வங்கியில் மருந்துப் புட்டிகளும் சமைத்த உணவும் போதுமா என்று எண்ணுவது. ஆம், அந்த உலகத்திலும் ரெய்டுக்குப் போகுமுன் சமைக்க வேண்டும், மூலிகை பறிக்க வேண்டும். அதை யார் செய்வார் என்று ஊகிப்பது உங்களுக்குக் கடினமாக இருக்காது.

எதிரி விழுந்ததும் கிடைக்கும் வாளையோ அங்கியையோ யாருக்குக் கொடுப்பது என்பது பெரிய தலைவலி. இதற்காக, இந்த விளையாட்டு வருவதற்கு முன்பே, எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டின் கில்டுகள் டி.கே.பி. என்ற புள்ளிமுறையைக் கண்டுபிடித்திருந்தன. ரெய்டுக்கு வந்தால் புள்ளி சேரும், பொருள் எடுத்தால் புள்ளி கழியும். கிட்டத்தட்ட நம் சீட்டுக்கணக்கு மாதிரி. முன்பின் தெரியாத நாற்பது பேர் ஒருவரையொருவர் ஏமாற்றாமல் பங்குபோட்டுக்கொள்ள விளையாடுபவர்களே உண்டாக்கிய கணக்கு அது. எனக்கு இன்றும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் எங்கள் கணக்கில் வந்து நின்றதற்குப் புள்ளி, கொன்றதற்குப் புள்ளி. பட்டியல் போட்டதற்கு, மூலிகை பறித்ததற்கு, கோபித்துக்கொண்டு போனவரை ஒரு மணி நேரம் பேசித் திரும்பக் கூட்டிவந்ததற்கு ஒன்றும் கிடையாது. புள்ளிப் பட்டியலை வாராவாரம் திருத்தி எழுதியதற்கும் கிடையாது.

1975இல் சில்வியா ஃபெடரிச்சி வீட்டுவேலைக்குக் கூலி என்ற கோரிக்கையை விளக்கி எழுதியபோது, அந்த வேலை அன்பு என்று பெயர் சூட்டப்பட்டதால்தான் வேலையாகத் தெரியாமல் போகிறது என்று வாதிட்டார். சம்பளம், சமையலறை, திருமணம் மூன்றும் இல்லாத ஓர் இடத்திலும் அதே ஏற்பாடு வந்து உட்கார்ந்துகொள்வதை நான் கண்ணால் பார்த்தேன். அங்கே எங்களுக்கு உடம்புகூடக் கிடையாது. நான் கொம்பு வைத்த மாடு உருவத்தில் திரிந்தவள். டீம்ஸ்பீக்கில் என் குரலைக் கேட்ட நாள் வரை நான் வெறும் தலைவர். குரல் கேட்ட வாரத்திலிருந்து அம்மா.

இந்த உலகத்தைப் பற்றி வந்த கதைகள் இந்த வேலையை எப்படிக் காட்டின? மிகப் புகழ்பெற்றது ‘சவுத் பார்க்’ தொடரின் 2006 அத்தியாயம், எம்மி விருது வாங்கியது. நான்கு சிறுவர்கள் இரவு பகலாக இந்த விளையாட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். உச்சக்கட்டப் போரின் நடுவே கார்ட்மன் என்ற பையனுக்கு வயிறு கலக்குகிறது. நாற்காலியை விட்டு எழ முடியாது. அம்மாவைக் கூப்பிடுகிறான், அவள் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறாள். எல்லோரும் சிரிக்கும் காட்சி, நானும் சிரித்தேன். கேலி அந்தப் பையன்மீதுதான் என்பதும் புரிகிறது. ஆனால் இந்த வீரர்களின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் அம்மா நிற்கிறாள் என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய இன்னொரு படைப்பு எனக்கு நினைவில்லை. காட்டிவிட்டு அது அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. அவள் அந்தப் பாத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாள் என்பது யாருக்கும் கதை இல்லை.

2007இல் ஃபெலிசியா டே ‘தி கில்டு’ என்ற இணையத் தொடரைத் தொடங்கினார். தானே எழுதி நடித்தார். தொடக்க அத்தியாயங்களுக்கான பணத்தில் ஒரு பங்கு பார்வையாளர்களின் நன்கொடை. அவரே இந்த விளையாட்டில் மூழ்கிக் கிடந்தவர், அதனால் நுணுக்கங்கள் பொய்யாக இருக்காது. நாயகி கோடெக்ஸ் ஒரு ஹீலர். அவள் உரையாடலில் போட்ட ஒரு கண்ணடிக்கும் குறியைக் காதல் என்று எடுத்துக்கொண்டு, ஸாபூ என்ற பையன் மூட்டை முடிச்சோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் அவனை வரச் சொல்லவில்லை. தொடர் முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது, அதுவும் நகைச்சுவையாக. நான் முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. காப்பாற்றுவது ஹீலரின் வேலை. வேலையைச் செய்தவளிடம் அதற்கு மேல் ஏதோ இருப்பதாக எடுத்துக்கொள்வது எங்கள் கில்டில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது நடந்தது. டே இதை அறியாதவர் இல்லை. ஓர் உண்மையைச் சிரிப்பில் பொதிந்துதான் அப்போது சொல்ல முடிந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். 2014இல் பெண் விளையாட்டாளர்கள்மீது கேமர்கேட் என்ற பெயரில் வெறுப்பு அவிழ்த்துவிடப்பட்ட சமயம், தனக்குள்ள பயத்தை அவர் எழுதினார். எழுதிய சிறிது நேரத்திலேயே அவருடைய வீட்டு முகவரியை யாரோ பொதுவில் போட்டார்கள்.

அந்தத் தொடரின் மற்ற இரு பெண்கள் எனக்கு உவப்பாக இல்லை. கிளாரா பிள்ளைகளைக் கவனிக்காத தாய், டிங்கர்பல்லா ஆண்களிடம் குழைந்து பொருள் வாங்குபவள். கில்டின் ஆண் தலைவன் வோர்க் கஞ்சன், விதி பேசுபவன். ஆனாலும் அவன் எல்லோருக்கும் அப்பாவாக இருக்க வேண்டும் என்று கதை கேட்கவில்லை.

இனி என் கில்டில் நடந்த ஒன்று. எங்கள் முதல் டாங்க் முப்பது கடந்தவர். அவர் இல்லாவிட்டால் பெரிய எதிரிகள் விழாது என்று எல்லோரும் நம்பினார்கள், அதில் உண்மையும் இருந்தது. பத்தொன்பது வயது ஹீலர் ஒருத்திக்கு அவர் தனிச்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். முதலில் புகழ்ச்சி, பிறகு புகைப்படம் கேட்டது, அவள் பதில் போடாததும் வசவு. கடைசியில், அவள் எந்த ஊர் என்று தனக்குத் தெரியும் என்ற ஒரு வரி. அவள் எல்லாவற்றையும் படம்பிடித்து எனக்கு அனுப்பினாள். பொறுப்பாளர்கள் ஐந்து பேர் கூடிப் பேசினோம். மற்ற நால்வரும் ஆண்கள், கெட்டவர்கள் இல்லை. ஒருவர்கூட அவர் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை. அடுத்த எதிரி விழும் வரை பொறுக்கலாம் என்றார்கள். அதுவரை நான் அவளிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்றார்கள். “நீங்கள் சொன்னால் கேட்பாள்.”

அந்த வாக்கியம் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. பேசியவர் டென்மார்க்கிலோ ஹங்கேரியிலோ உட்கார்ந்திருந்தார். ஆனால் அதை நான் சின்ன வயதிலிருந்து தமிழில் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லும்மா, நீ எடுத்துச் சொன்னா கேட்பா. அம்மா என்ற பட்டத்தின் உள்ளே இந்த வேலையும் இருக்கிறது: மகளைப் பொறுத்துப்போகச் சொல்வது. வீட்டு அமைதி குலையாமல் இருக்கப் பெண்ணின் வாயை இன்னொரு பெண்ணைக்கொண்டு மூடுவது.

அவரை வெளியேற்ற ஒரு கட்டளை தட்டச்சு செய்தால் போதும், இரண்டு நொடி வேலை. செய்தேன். மறுநாள் மாலைக்குள் பதினோரு பேர் விலகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் போகும்போது எழுதியது மறக்கவில்லை: நீங்கள் எங்களுக்குத் தாய் மாதிரி இருந்தீர்கள், உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. ஆறு வாரம் எங்களால் ஒரு ரெய்டுக்கும் போக முடியவில்லை. கில்டு உடைந்தது என்று சர்வர் முழுக்கப் பேசினார்கள். அந்த ஆறு வாரமும் நான் தினமும் நள்ளிரவில் உட்கார்ந்து புது ஆட்களிடம் ஒவ்வொருவராகப் பேசினேன். வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். என்ன நடந்தது என்று கேள்விப்பட்டு வந்தோம் என்றார்கள். அதுவரை அவர்களில் பலர் வேறு கில்டுகளில் மைக்கை அணைத்துவைத்துக்கொண்டு விளையாடியவர்கள்.

இப்படி ஓர் இடத்தைக் கட்டுவதற்கு விளையாட்டு நிறுவனங்கள் எப்போதும் துணை நின்றன என்று சொல்ல முடியாது. 2006 தொடக்கத்தில் சாரா ஆண்ட்ரூஸ் என்ற பெண், பால்புதுமையினருக்கு இணக்கமானது தன் கில்டு என்று அதே விளையாட்டுக்குள் அறிவித்து ஆள் சேர்த்தார். அதற்காக நிறுவனம் அவரை எச்சரித்தது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்கள். அடைக்கலம் தேடிப் பலகை மாட்டினால் பலகைதான் தொல்லை என்று தோன்றியிருக்கிறது.

இந்த உழைப்பு உழைப்புதானா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனதும் உண்டு. 1990களில் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் அரட்டை அறைகளை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பராமரித்தார்கள். நேர அட்டவணை, பயிற்சி, அறிக்கை எல்லாம் உண்டு, கூலி கிடையாது. 1999இல் வழக்குப் போட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் இழுத்து, 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கில்டுத் தலைவர்களை யாரும் நியமிப்பதில்லை, எங்களால் வழக்கும் போட முடியாது. கூலி வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. ஆனால் ஒரு கில்டு நன்றாக நடந்தால் அதிலுள்ளவர்கள் சந்தாவை நிறுத்தமாட்டார்கள். அவரவர் மாதம் கட்டிய பன்னிரண்டு தொண்ணூற்றொன்பது யூரோவில் எங்கள் மூலிகைக்கும் பங்கு உண்டு.

2024இல் வந்த ‘இபெலின்’ ஆவணப்படத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். பெஞ்சமின் ரீ இயக்கியது. நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன், தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்து 2014இல் இருபத்தைந்து வயதில் இறந்தவர். மகன் தனிமையில் வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் நினைத்தார்கள். மரணத்தை அறிவித்ததும் அவருடைய கில்டு நண்பர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. விளையாட்டுக்குள் அவர் இபெலின் என்ற பெயரில் பலருடைய துயரத்தைக் கேட்டவர், மகனோடு பேச்சு முறிந்த ஒரு தாய்க்கு வழி சொன்னவர். படம் அந்த வாழ்க்கையைச் சேமித்துவைக்கப்பட்டிருந்த உரையாடல்களிலிருந்து அசைபடமாகத் திருப்பிக் கட்டுகிறது.

அழாமல் பார்க்க முடியாது. இபெலின் செய்தது முழுக்க, நான் மேலே சொன்ன அந்தப் பெயரில்லாத வேலைதான். கேட்பது, நினைவில் வைப்பது, சேர்த்துவைப்பது. ஓர் ஆண் அதைச் செய்திருக்கிறார், மிக நன்றாகச் செய்திருக்கிறார். அது பெண்ணுக்குப் பிறவியில் வரும் குணம் என்பவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டலாம். அதே சமயம், அவரைப் போன்ற ஒருவர் எட்டு வருடம் வந்து உட்கார ஒரு கில்டு எட்டு வருடம் உடையாமல் இருக்க வேண்டும். அதைப் படம் வானிலை மாதிரி எடுத்துக்கொள்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மனம் கதையை விட்டு அங்கேதான் போனது. இந்தக் கூட்டத்தில் பட்டியல் போட்டவர் யார்?

என் பொறுப்பை ஒப்படைக்கும்போது அடுத்த தலைவருக்கு ஒரு கோப்பு எழுதிக் கொடுத்தேன், பதினான்கு பக்கம். வங்கிச் சாவி, புள்ளிக்கணக்கு, ரெய்டு நாட்கள் முதல் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டன. மீதிப் பன்னிரண்டு பக்கமும் ஆட்களைப் பற்றியது. இவர் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் விசாரிக்க வேண்டும். இவர்கள் இருவரையும் ஒரே குழுவில் போடக் கூடாது. இவளுக்கு முன்பு நடந்ததைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். அவர் நல்ல மனிதர், பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, முதல் இரண்டு பக்கத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், மற்றதற்கு நம் ஹீலர் பெண்களில் யாரையாவது கேட்கட்டுமா என்றும் எழுதினார்.