வேலியோரத்துப் பங்காளி

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பங்காளி பிரண்டையோ கேட்பாரற்று வேலியில் படர்ந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். நம்பாதவர்கள் கணுவைப் பாருங்கள்: இலைக்கு நேர் எதிரே பற்றுக்கம்பி, இரண்டிலும். திராட்சை வெளியூரிலிருந்து வந்தது. பந்தல், மருந்து, கவாத்து என்று ஏகப்பட்ட உபசாரம் கேட்கும். பிரண்டைக்கு ஒரு துண்டுத் தண்டும் கொஞ்சம் மண்ணும் போதும்.

துவையலுக்கு இளங்கொழுந்துதான். "கையில நல்லெண்ணெயத் தடவிட்டு உக்காருடா" என்பார் அம்மாச்சி. கணுவைக் கிள்ளி எறிந்து, நான்கு பட்டையிலும் நாரை உரித்து, பச்சை நிறம் மங்கும்வரை வதக்கி, புளி வைத்து அரைப்பார். அவசரப்பட்டு அரைவதக்கலில் இறக்கினால் நாக்கு நமநமவென்று அரிக்கும். ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் படிகங்களின் வேலை அது என்று நான் பிற்பாடு படித்தேன். புளியின் அருமை அம்மாச்சிக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது.

முறிந்த எலும்புக்குப் பிரண்டையைக் கட்டுவது பழைய வைத்தியம். 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவும் பிரசாத்தும் எலும்பு முறிந்த விலங்குகளுக்கு இதைக் கொடுத்து, கதிரியக்கக் கால்சியத்தின் தடம்பற்றிப் பார்த்தார்கள். முறிவு சீக்கிரம் கூடியது. பாட்டி சொன்னதை அப்படியே நம்பவுமில்லை, தள்ளவுமில்லை, அளந்து பார்த்தார்கள்.

என் வீட்டில் கால் முறிந்தால் மாவுக்கட்டுதான். துவையல், சுடுசோற்றுக்கு.