பாடமாக்கலும் நினைவும்: நிகண்டு நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் வழக்கிலே ‘பாடமாக்குதல்’ என்றொரு சொல் உண்டு. தமிழகத்தார் மனப்பாடம் செய்தல் என்று கூறுவதனையே இங்குள்ளோர் இவ்வாறு குறிப்பர். பல்கலைக்கழக மட்டத்தில் இச்சொல் பெரும்பாலும் இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்குகின்றது. “குறிப்பைப் பாடமாக்கி எழுதியிருக்கிறார்” என ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்லப்படின், அது பாராட்டன்று. ஆயின், அதே ‘பாடம்’ என்னுஞ் சொல் ஒரு நூலின் உண்மையான வாசகத்தையும் குறிக்கின்றது. பாடபேதம் என்று பதிப்பாசிரியர் கூறும்போது கருதுவது இதனையே. நூலின் வாசகமும், அது மனத்திலே நிற்கும் நிலையும் ஒரே சொல்லாற் சுட்டப்பட்டமை தற்செயலானதன்று. ஒரு நூல் இருக்குமிடம் ஏடு மாத்திரமன்று, கற்றவனுடைய நெஞ்சுமாகும் என்ற கொள்கை நிலவிய ஒரு காலத்தின் சுவடு இது.

அக்காலத்தின் நூல்களை மதிப்பிடுமிடத்து இக்கொள்கை போதிய அளவு கருத்திற் கொள்ளப்படவில்லை. இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் நிகண்டுகளுக்கு ஒரு பந்தியோ இரு பந்தியோ ஒதுக்கி, ஆசிரியர் பெயரையும் காலத்தையும் பாடற்றொகையையுங் கூறி அப்பாற் சென்றுவிடுவர். ‘செய்யுளாயினும் கவிதையன்று’ என்ற தீர்ப்பு அவற்றின்மேல் எளிதாக விழுகின்றது. அத்தீர்ப்புப் பிழையன்று. சூடாமணி நிகண்டிற் கவிதையைத் தேடுபவர் ஏமாற்றமே அடைவர். ஆனால், கவிதையாகாத ஒன்று எதற்காகச் செய்யுளாயிற்று என்ற வினாவை அத்தீர்ப்பு எழுப்புவதில்லை. நினைவின் பொருட்டு என்பதே விடை எனின், ஒரு நிகண்டு நினைவுக்கு எவ்வளவிற்கு உதவுகின்றது என்பதே அதனை அளக்கத்தக்க கோலாகும்.

இக்கோலைக் கொண்டு நோக்கின் நிகண்டுகளின் வரலாறே வேறு தோற்றம் பெறுகின்றது. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் அமைந்தவை. நூற்பாவின் அடிகள் எண்ணிக்கை வரையறையின்றி நீளவல்லன. ஓரடி மறந்துபோயின் மறந்தது என்பதே தெரியாமற் போகலாம். பின்வந்தோர் இதனை உணர்ந்தனர் போலும். காங்கேயர் உரிச்சொல் நிகண்டை வெண்பாவிலே யாத்தார். கயாதரர் கட்டளைக் கலித்துறையைத் தெரிந்து, அதனை அந்தாதியாகத் தொடுத்தார். அந்தாதியிலே ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தை இழுத்து வருகின்றது. பக்தி இலக்கியத்திலே ஓர் அழகாகக் கருதப்படும் தொடை, நிகண்டிலே ஒரு சங்கிலியாகப் பயன்பட்டது. மண்டல புருடர் விருத்தத்திற்கு வந்தார். விருத்தத்தின் நான்கு அடிகளும் ஓரெதுகையிலே நிற்பதால், ஓரடி தவறின் ஓசையே காட்டிக்கொடுக்கும். கற்பவனுடைய வாய்க்கு எந்தப் பா இசைந்தது என்ற தேடலே இம்மாற்றங்களின் அடியிற் கிடப்பதாகத் தோன்றுகின்றது.

16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனப் பொதுவாகக் கொள்ளப்படும் சூடாமணி நிகண்டு இங்கு விரிவாக நோக்கத்தக்கது. அது பன்னிரண்டு தொகுதிகளை உடையது. முதற்பத்தும் பொருள்வகையால் அமைந்தவை: தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என அவ்வரிசை செல்லும். ஒருவன் தான் வாழும் உலகினை அடுக்கி வைத்துக்கொள்ளும் முறை அது. மரத்தின் பெயரை வேண்டுபவன் மரங்கள் நிற்கும் இடத்திற்கே செல்கின்றான். பதினோராந் தொகுதி ஒருசொற் பல்பொருள் பற்றியது. இங்கே பொருள்வகை உதவாது. ‘அரி’ என்னுஞ் சொல்லைத் திருமாலோடு வைப்பதா, சிங்கத்தோடு வைப்பதா? மண்டல புருடர் எதுகையைக் கைக்கொண்டார். சொற்கள் ககர எதுகை, ஙகர எதுகை, சகர எதுகை என இரண்டாம் எழுத்தின் வரிசையிலே நிற்கின்றன. அகராதிப் பழக்கமுடைய இன்றைய வாசகனுக்கு இது விநோதமாகத் தோன்றும். சொல்லின் முதலெழுத்தை விட்டு இரண்டாம் எழுத்தைப் பற்றுவானேன்? தமிழ்ச் செய்யுளைப் பாடமாக்கியவனுக்கு இதில் விநோதம் ஏதுமில்லை. அவனுடைய நினைவிலே அடிகள் எதுகையாலேயே கோக்கப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டாந் தொகுதியோ எண்ணை அடிப்படையாகக் கொண்டது. இரண்டெனத் தொக்கவை, மூன்றெனத் தொக்கவை என அது வளர்கின்றது. ஐந்து உறுப்புடைய ஒன்றிலே நான்கினை மாத்திரம் நினைவுகூர்ந்தவன், ஒன்று குறைகின்றது என்றாவது அறிவான். பொருள், ஓசை, எண் என்னும் மூன்று கைப்பிடிகளும் ஒரே நூலிலே அமைந்திருக்கின்றன.

இதற்கு ஆசிரியர் கொடுத்த விலையும் உண்டு. அடியை நிரப்பும்பொருட்டு ‘ஆம்’, ‘என்ப’, ‘ஆகும்’ முதலியன வந்து புகுகின்றன. எதுகையின் தேவைக்காகச் சொற்கள் இடம்மாறி நிற்கின்றன. எங்கே ஒரு பெயர் முடிகின்றது, எங்கே அடுத்தது தொடங்குகின்றது என்பது உரையின்றி விளங்காத இடங்கள் பல. சிறுவன் முதலிற் பாடமாக்கினான்; பொருள் பின்னரே வந்தது. சிலருக்கு அது வராமலே போயிருக்கவும் கூடும்.

அகராதி தோன்றிய வரலாற்றை இதனோடு ஒப்பிடுதல் தகும். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையிலே தந்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி எழுந்தது. அவர் செய்யுளைக் கைவிட்டபோதும் நிகண்டின் எலும்புக்கூட்டைக் கைவிடவில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் அவரது நான்கு பிரிவுகளிலே, தொகை சூடாமணியின் பன்னிரண்டாந் தொகுதியை நினைவூட்டும்; தொடை எதுகையைப் பற்றியது. 1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகத்தில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதி 58,500 சொற்களை உடையது. இத்தொகையை எவரும் பாடமாக்க இயலாது. பாடமாக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. அகராதி மறந்தவனுக்காகச் செய்யப்பட்டது. நிகண்டு மறத்தலாகாதவனுக்காகச் செய்யப்பட்டது. ஆயினும் ஒன்று வந்ததும் மற்றது ஒழிந்துவிடவில்லை. யாழ்ப்பாண அகராதி வெளிவந்து ஏழாண்டுகளின் பின்னர், 1849இல், ஆறுமுக நாவலர் சூடாமணி நிகண்டை உரையுடன் பதிப்பித்தார். அச்சியந்திரத்தின் வலிமையை நாவலரைப்போல் உணர்ந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவரே நெஞ்சிற் பதிக்கவேண்டிய நூலொன்றை அச்சிட்டார் என்பது கருதற்பாலது.

புலமைக்கு மாத்திரம் உரிய செய்தி அன்று இது. அன்றாட வாழ்விலே மறக்கவொண்ணாதவை யாவும் இவ்வாறே பேணப்பட்டன. எண்சுவடியைப் பாடமாக்கிய சிறுவன் 1/320 ஆகிய முந்திரியையும் 1/80 ஆகிய காணியையும் 1/20 ஆகிய மாவையும் வாயாலே பெருக்கினான். திண்ணைப்பள்ளியில் மாலை வீடு திரும்பும் பிள்ளைகளுக்குப் பூ, பறவை முதலியவற்றின் பெயர்களுள் ஒன்றைச் சொல்லியனுப்பி, மறுநாட் காலை அதனை மறவாது வந்து கூறச்செய்யும் வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்திலே நினைவுகூர்கின்றார். ஒரே ஒரு சொல்! அதனை இரவு முழுதும் காத்துவைத்தலே பயிற்சி. யாழ்ப்பாண அரசர் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களும் செய்யுளால் ஆனவையே. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் வைத்தியர் ஏட்டுக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருத்தல் இயலாது.

இங்கேதான் செய்யுளின் ஒரு பெருங்குறை வெளிப்படுகின்றது. மருந்திலே மறக்கலாகாதது அளவு. அடியின் முதலில் நிற்கும் சொல்லை எதுகை காக்கும். இடையில் நிற்கும் எண்ணை எது காப்பது? மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆகிய ஆறும் தேமாச் சீர்களே. ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைப்பினும் ஓசை குன்றாது. ஐந்தும் ஆறும் தம்முள் மோனையாகும். ஏழும் எட்டும் அவ்வாறே. எனவே, அருகருகே உள்ள எண்கள் மாறிப்போனாலும் யாப்பு அதனைக் காட்டிக்கொடாது. பூவின் பெயரையும் நோயின் பெயரையும் பேணும் அதே கருவி, உயிரோடு தொடர்புடைய அளவிலே கைவிட்டுவிடுகின்றது. வைத்தியர்கள் பாடமாக்கிய பின்னரும் ஏட்டைக் கைவிடாது பேணியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வாய்மொழி மரபு பற்றி ஈழத்திலே நிகழ்ந்த ஆய்வினையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். க. கைலாசபதி 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்த தமது ஆங்கில நூலில், மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகியோர் வகுத்த கோட்பாட்டைத் துணைக்கொண்டு சங்கச் செய்யுள்களை வாய்மொழிப் பாடல் மரபினவாக விளக்கினார். ஆயின், லோட் விவரித்த யூகோசிலாவியப் பாடகர் பாடமாக்குவோர் அல்லர். அவர் ஒவ்வொரு முறையும் வாய்பாட்டுத் தொடர்களைக்கொண்டு புதிதாகவே பாடுகின்றனர். நிகண்டு கற்றவன் ஓரெழுத்தும் பிறழாது ஒப்பிக்கின்றான். இவ்விரண்டும் ‘எழுதா மரபு’ என்ற ஒரே பெயரில் அடக்கப்படுவதாற் குழப்பமே மிஞ்சுகின்றது. மட்டக்களப்புக் கூத்து இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்று. அண்ணாவியார் சட்டம் கொடுத்தபின் கூத்தன் தன் பாட்டைப் பாடமாக்குகின்றான். களரியில் அவன் மறந்துவிடின் பிற்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுக்கின்றனர். ஒருவனது நினைவு பலரது நினைவினால் தாங்கப்படுகின்றது. 1960களிலே பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துகளை மேடையேற்றியபோது படித்த பார்வையாளரின் பாராட்டு பெரிதும் ஆட்டத்திற்கே கிடைத்தது. நினைவை இவ்வாறு பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கும் அதனோடு சேர்ந்து மேடையேறியது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இவ்வளவுங் கூறியபின் பாடமாக்கும் மரபினைப் புகழ்ந்து நிறுத்திவிடின் அது நேர்மையன்று. 1880இலே கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த சாமிநாதையர் தாம் கற்ற நூல்களை அடுக்கிச் சொன்னார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கலம்பகங்களுமாக அப்பட்டியல் நீண்டது. முதலியாரோ சிந்தாமணியைப் பற்றி வினவினார். தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம் பயின்ற மாணவர் அதனைக் கற்றிருக்கவில்லை. நினைவின் மரபு தான் விரும்பியதையே நினைவில் வைத்தது. சைவ மடங்களின் பாடவரிசையிலிருந்து விலகிய சமண காவியத்தை எவருடைய நாவும் தாங்கவில்லை. எங்கோ கிடந்த ஏடுகள் தாங்கின. 1887இலே சீவக சிந்தாமணி அச்சேறிற்று. அதே ஆண்டிற் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்பாகக் கலித்தொகை வெளிவந்தது. யார் எதனைப் பாடமாக்கலாம் என்பதைச் சாதியும் சமயமும் செல்வமும் தீர்மானித்த சமுதாயத்திலே, நெஞ்சு ஒரு நடுநிலையான களஞ்சியமாக இருந்திருத்தல் இயலாது.

எழுத்துக்கோ நெருப்பிலிருந்து காப்பில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அச்சிட்ட நூலுக்கு வேறிடத்திற் பிரதி உண்டு. ஒற்றை ஏட்டிற்கு இல்லை. அவ்வேடுகளை முன்னொரு காலத்திற் பாடமாக்கியவர்களும் அதற்குள் மறைந்துவிட்டனர். ஏடு இருக்கின்றது என்ற நம்பிக்கையிலே நெஞ்சு கைவிட்டவையும் அங்கு இருந்திருத்தல் வேண்டும். கட்டடம் மீண்டும் எழுந்துள்ளது. 2003இல் நூலகம் மறுபடியும் இயங்கத் தொடங்கியது.

பாடமாக்குதலை இகழ்வோர் ஒருமுறை நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பாடத்தைப் போற்றுதலும் கேட்டவற்றை மீள மீள நினைத்தலும் மாணவன் கடன் எனக் கூறும் பவணந்தியார், வினாவுதலையும் வினாயவற்றிற்கு விடைகூறுதலையும் அதே மூச்சிற் சேர்க்கின்றார். மேலும், ஆசிரியர் கூறியதை எவ்வளவு நன்றாக ஏற்றுக்கொண்டாலும் கல்வியிற் காற்பங்கே கிட்டும் என்கிறார். உடன்கற்போரோடு பயிலுவதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். இக்கணக்கின்படி, விரிவுரையிற் பெற்ற குறிப்பைத் தனியறையிற் பாடமாக்கி, மூன்று மணித்தியாலத்தில் எழுதிக்கொடுத்து, மறுவாரம் மறந்துவிடும் மாணவனிடம் பரீட்சகர் அளக்கின்றது அந்த முதற் காற்பங்கினை மாத்திரமே.