பெரியவர் தூக்கிய கல்

தேவிபட்டினம் போயிருக்கிறீர்களா? கடலுக்குள் நவபாஷாணம், ஒன்பது கல். பிள்ளைகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போனால் பெற்றவர்கள் தண்ணீரில் இறங்கிச் சுற்றுவார்கள். அறுபது வயதில் தனியாகிவிட்ட ஒருத்தர் தனக்காகச் சுற்றினால்? 'இந்த வயசுல என்னய்யா?' என்று சிரிப்போம்.

நம்மைச் சிரிக்கவிடாமல் உட்கார வைத்த படம் 'முதல் மரியாதை' (1985). பாரதிராஜா இயக்கம், ஆர்.செல்வராஜ் கதை. குயில் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக, யாருக்கும் தெரியாமல் மலைச்சாமி அந்தக் கல்லைத் தூக்கும் இடத்தை மறுபடி பாருங்கள். சிவாஜிக்கு அப்போது 56 வயது. கட்டபொம்மனாகக் கர்ஜித்தவர் இதில் என்னமாய் அடக்கி வாசிக்கிறார்! ராதாவுக்குப் பின்னணிக் குரல் ராதிகா. அந்தக் குரல் இல்லாமல் குயில் பாதிதான்.

ஆனால் ஒரு குறை எனக்கு இன்னும் உறுத்துது. பொன்னாத்தாளை (வடிவுக்கரசி) ஏன் அத்தனை கொடுமைக்காரியாக்கணும்? பெரியவர் மேல் நமக்குக் கோபம் வந்துடக் கூடாதாம். மனைவி கொஞ்சம் நல்லவளாக இருந்திருந்தால் படம் தாங்கியிருக்குமா? சந்தேகம்தான். கடைசியில் குயிலுக்கு ஜெயில், அவருக்கு மரணப்படுக்கை. ஊர் வாயை மூட அவ்வளவு விலை!

'கேளடி கண்மணி'யில் (1990) எஸ்.பி.பி.யின் ஆசைக்குக் குறுக்கே நின்றது மகள். தனுஷின் 'ப.பாண்டி'யில் (2017) ராஜ்கிரணும் ரேவதியும் யாரும் சாகாமலே சந்திக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அதுவும் பழைய காதல் பாக்கிதான். பேரன், பேத்தி எடுத்தபிறகு புதுசாக ஒருத்தரைப் பிடித்துப்போக, பாண்டிக்கும் டைரக்டர் அனுமதி தரலை.