கேட்பார் இல்லாதபோது வள்ளலார் செய்தது

கடையை விரித்தும் வாங்க ஆள் வரவில்லை, மூடிவிட்டோம் என்ற பொருளில் வள்ளலார் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கிவருகிறது. சன்மார்க்க மேடைகளில் அதைச் சொல்லும்போது கூட்டம் கண் கலங்கும். அந்தக் காலத்து மக்கள் கேட்கவில்லை, நாமாவது கேட்டோமே என்கிற நிம்மதியும் அந்தக் கலக்கத்தில் சேர்ந்திருக்கிறது. அந்த நிம்மதிக்கு நமக்கு உரிமை உண்டா?

ஊர் காது கொடுக்காதபோது, உண்மையைக் கண்டதாக நம்புகிற ஒருவருக்கு என்ன கடமை மிச்சம் இருக்கிறது? வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் (1823–1874) தம் கடைசிப் பத்தாண்டில் இதற்குச் செயலாலேயே விடை சொன்னார். 1865-இல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். 1867-இல் திருவருட்பா அச்சேறியதும், அது அருட்பாவே அல்ல என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. சைவ உலகம் இரண்டுபட்டு நூல்களாலும் துண்டறிக்கைகளாலும் மோதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு எரியத் தொடங்கியது.

அவருடைய வழியின் பெரும் பலம் இங்கே இருக்கிறது. ஒருவன் நம் கொள்கையை ஏற்றால்தான் அவனுக்கு உபதேசம் பயன்படும். அவன் பசியைத் தீர்க்க அப்படி எந்த நிபந்தனையும் வேண்டாம். கேட்பவன் கையில் இருந்த முடிவை வள்ளலார் தம் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறர் மனம் மாறட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. தாது வருடப் பஞ்சம் 1876-இல் வந்தபோது அவர் இல்லை. ஆனால் அடுப்பு மூட்டி ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. இன்றும் அது அணையவில்லை.

இன்னொரு பலத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடி கட்டிப் பேசிய பேருபதேசத்தில், சமயப் பற்றை விடச் சொன்னவர் தம்மையே சாட்சியாக நிறுத்தினார். முன்பு சைவத்தில் தமக்கு இருந்த பற்று எவ்வளவு என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும் என்றும், அப்போது தமக்கு அறிவு போதவில்லை என்றும் சொன்னார். ஆயிரக்கணக்கான பாடல்களால் பெயர் பெற்ற ஒருவர், அவற்றில் ஒரு பகுதி பிறந்த மனநிலையையே தாம் கடந்துவிட்டதாக அறிவிக்கிறார். விழிப்பு என்பதற்கு இதைவிடக் கடினமான சான்று எனக்குத் தெரியவில்லை. எதிரில் இருப்பவர் மாறவில்லை என்று குறைப்படுவதற்கு முன்னால், அவர் தம்மிடம் கணக்குக் கேட்டுக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. புலால் உண்பவர்களை அவர் புறவினத்தார் என்று பிரித்தார். அவர்களுக்குப் பசி தீர்க்கலாம், அதற்கு மேல் நெருக்கம் வேண்டாம் என்பது அவர் வகுத்த எல்லை. உயிர்க்கொலை அவரை எவ்வளவு வதைத்தது என்பதை அறிந்தால் அந்த எல்லை புரிகிறது. ஆனாலும் அது மறுப்பவரை மறுப்பவராகவே நிறுத்திவிடுகிறது. சோறு கிடைக்கும், உறவு கிடைக்காது என்றால் கேட்காதவன் எப்படிக் கேட்கத் தொடங்குவான்? சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் உணவையே காரணம் காட்டி அவர்களைத் தள்ளி வைத்த நாட்டில், சாதியை முழுதாக மறுத்த ஒருவர் போட்ட இந்தக் கோடு பிறர் கையில் வேறு பொருள் பெற்றுவிடும் ஆபத்து இருந்தது.

அடுத்த குறை, அவர் ஒதுங்கிப்போனது. 1872 தைப்பூசத்தில் ஞானசபை திறந்தது. இரண்டே ஆண்டில், 1874 ஜனவரி 30 அன்று, அவர் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். அது சித்தி என்பது அன்பர்களின் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. விளைவை மட்டும் பார்க்கிறேன். சடங்கு வேண்டாம், சோதி ஒன்றே போதும் என்று அவர் கட்டிய சபைக்குள் பின்னால் சிவலிங்க வழிபாடு நுழைந்தது. அது அவர் வகுத்த முறைக்கு மாறானது என்று அறநிலையத்துறை ஆணையிட 2006 வரை ஆயிற்று. தம்மைத் திருத்திக்கொள்வதில் அத்தனை கறாராக இருந்தவர், தமக்குப் பின் அந்த நெறியைக் காக்கும் ஆட்களை உருவாக்கவில்லை. கேட்பார் இல்லை என்பதற்குப் பாதிப் பொறுப்பு கேட்காதவர்களுடையது. மீதியை அந்த வழியே ஏற்கவேண்டும்.

ஆனால் வழியின் பங்கான அந்த மீதியைச் சொல்லி நம் காலத்தவர் தப்பிக்க முடியாது. 1871-இல் அவர் எழுத்தாகவே ஓர் அறிவிப்புத் தந்தார்: இறந்தவரைப் புதையுங்கள், எரிக்காதீர்கள், கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்காதீர்கள், கருமாதி, திதி வேண்டாம். அன்னதானத்தை நாம் உச்சிமேல் வைத்துக்கொண்டோம். அதில் புண்ணியம் உண்டு, பெயர் உண்டு, உறவினர் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். தாலி விஷயத்தில் காதைப் பொத்திக்கொண்டோம். வடலூர் தருமச்சாலைக்கு அரிசி மூட்டை அனுப்புகிற வீடுகளிலேயே பத்தாம் நாள் சடங்கு தவறாமல் நடக்கிறது.

வள்ளலாரைக் கேட்காதவர்கள் அன்று இருந்தவர்கள் மட்டும் என்று இனியும் சொல்லவேண்டாம். தைப்பூசத்துக்குப் போகிற அன்பர்கள் அந்த அறிவிப்பையும் படியுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல், உங்கள் குடும்பத்தில் அடுத்து நேரும் சாவிலாவது ஒரு பெண்ணின் தாலியில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.