தனிமையைத் தருவது கடலா?

கடலோடியின் தனிமையைப் பாடும் இலக்கியங்கள் பல. எனினும், அலையும் இருளும் எல்லையற்ற நீர்ப்பரப்புமே அத்தனிமைக்குக் காரணமெனக் கூறி ஒதுங்கிக்கொள்ளும் எழுத்தாளரே அதிகம். இம்மரபினின்றும் விலகி நிற்பது, அமெரிக்க நாடகாசிரியர் யூஜீன் ஓநீல் எழுதி 1916ஆம் ஆண்டில் முதன்முதலாக மேடையேறிய 'கார்டிவ் நோக்கிக் கிழக்கே' என்னும் ஓரங்க நாடகம்.

ஓநீல் தாமே கப்பலில் உழைத்தவர். அதனாற்றான் கடலின் எழிலை விடுத்து, மாலுமிகள் உறங்கும் நெருக்கமான அறையை நமக்குக் காட்டுகிறார். நியூயோர்க்கிலிருந்து கார்டிவ் செல்லும் சரக்குக் கப்பலொன்று. சரக்கறைக்குள் விழுந்து படுகாயமுற்ற யாங்க் என்னும் மாலுமி மரணத்தை எதிர்நோக்கிக் கிடக்கிறான். கப்பலில் மருத்துவர் இல்லை. வெளியே மூடுபனி, இடைவிடாது ஒலிக்கும் ஊதல். அருகில் நண்பன் டிறிஸ்கல் மட்டுமே.

நிலமொன்று வாங்கி நண்பனோடு கமஞ்செய்து வாழும் ஆசை தனக்கு நெடுநாளாக இருந்ததென யாங்க் இப்போதுதான் கூறுகிறான். நண்பன் நகைப்பான் என்று அஞ்சி அதை மறைத்திருந்தானாம். தனக்கும் அதே எண்ணம் அடிக்கடி எழுந்ததுண்டு என்கிறான் டிறிஸ்கல். நாடகத்தின் உயிர்நிலை இதுவே. பல ஆண்டுகள் ஒரே தளத்தில் உழைத்து, ஒரே மதுச்சாலையில் குடித்த இருவர், ஒரே கனவைத் தனித்தனியே புதைத்து வைத்திருந்தனர். தனிமை என்பது ஆளில்லாமை அன்று. வாழ்வை மாற்றலாம் என்பதை வாய்விட்டுக் கூறவும் துணிவற்றுப்போன நிலையே தனிமை என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது.

ஆயினும் நாடகத்திற் குறையில்லாமலில்லை. மோசமான உணவையும் வாழ்க்கையையும் யாங்க் நொந்துகொள்கிறான். அவற்றால் இலாபமடையும் முதலாளியோ மேடையின் நிழலிற்கூட இல்லை. பின்னர் 1921இல் மேடையேறிய 'அன்னா கிறிஸ்ரி'யில் கடலையே கொடிய விதியாக்கும் முதிய மாலுமியை ஓநீல் படைத்தார். பி. டிறேவன் 1926இல் வெளியிட்ட 'மரணக் கப்பல்' நாவலே இக்குறையை நிரப்பிற்று. காப்புறுதிப் பணத்துக்காக மூழ்கடிக்கப்படவிருக்கும் கப்பலில், பத்திரங்களை இழந்த மாலுமி படும் அவதிக்குக் கணக்குப் புத்தகமே காரணமென அது காட்டியது.

இவை பழங்கதைகளா? 2020ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்றினால் எல்லைகள் மூடப்பட்டபோது, ஏறத்தாழ நான்கு இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப இயலாது கப்பல்களிற் சிக்கினர். உலகுக்கு உணவும் எரிபொருளும் சுமந்தோரைக் கரையேற்றத் துறைமுகங்கள் மறுத்தன. 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயம், ஊர் திரும்பும் உரிமையையும் நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வையும் வகுத்திருந்தும் இந்நிலை! அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கப்பலில் இணைய வசதியையும் வலியுறுத்துகிறது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் இருபதுபேர் அளவிலான சிறு குழு பேரளவான கொள்கலக் கப்பலை இயக்கி, துறைமுகத்திற் சில மணி நேரமே தங்கி மீளும்போது, களைத்த மனிதனுக்குத் தொலைபேசித் திரை எவ்வளவு துணையாகும்?

மாலுமியின் மனநிறைவை அளப்போர், அவன் மனத்தை ஆராயுமுன் அவனது ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும். அடுத்த கடற்கதையை எழுதும் கலைஞனும் அலைகளோடு நின்றுவிடாது கப்பலின் உரிமையாளனையும் மேடைக்கு அழைத்து வருவானாக.