எயிற்பட்டினத்துத் தேறல்

ஆற்றுப்படை நூல்களில் வரும் கள்ளுணவுப் பகுதிகளைப் புரவலனது கொடைச் சிறப்பின் ஒரு கூறாகக் கொண்டு மேற்செல்லுதல் நம்மிடையே வழக்காகிவிட்டது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினப் பகுதிக்கு இக்கொள்கை பொருந்துமா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய இந்நூல் 269 அடிகளால் ஆயது. பாணன் செல்லும் நெறியில் முதற்கண் உள்ள நெய்தல் நிலத்தூரைப் புலவர் நேரே பெயர் கூறாது, மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினம் எனக் குறிப்பாற் சுட்டுகின்றார். அது இன்று உப்பளங்களாற் பெயர்பெற்ற மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் துணிபு. இடைக்கழிநாடும் அதற்கு வடக்கே அண்மையில் உளது. ஆகலின் புலவர் அக்கரையைக் கண்ணாற் கண்டு பாடினார் எனக் கோடல் தவறாகாது.

அங்கே நிகழ்வது யாது? கடலலை கொணர்ந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகள், துயிலும் ஒட்டகம் போலக் கிடக்கின்றன, அவையே விறகு. அவ்விறகில் எரி மூட்டுபவளும், நெடுநாள் முதிர்ந்த தேறலை அரிப்பவளும் நுளைமகள். ஊட்டுவோர் பரதவர். உடன் வருவது சுட்ட குழல்மீன். இசைக்குழலும் அதனையடுத்தே கூறப்படுதலின் ஒருசொல் இருபொருளாய் நின்று செவிக்கு இனிமை தருகின்றது. கிடங்கிற் கோமானாகிய நல்லியக்கோடன் இங்குப் பாடப்படுகின்றானேயன்றி, அவன் கையால் ஒன்றும் தருகின்றிலன். மேலும், இவ்வுணவு ஒரு மனையில் மட்டுமன்றி இடந்தோறும் கிடைக்கும் என்கின்றார் புலவர். ஆதலின் இது புரவலன் விருந்தன்று. அச்சேரியின் அன்றாட வழக்கு என்க.

இதற்கு வலுவான சான்று அந்நூலின் பிற்பகுதியிலேயே உளது. நல்லியக்கோடனது அரண்மனையிலும் தேறல் வழங்கப்படுகின்றது. ஆண்டுப் புலவர் கூறும் உவமை வெகுண்ட பாம்பு. அஃதாவது அதன் வெறியின் கடுமையே பேசப்படுகின்றது. எயிற்பட்டினத்துத் தேறலுக்கோ அத்தகைய உவமை யாதும் இல்லை. அதன் முதிர்ச்சியும், அரித்தவளும், விறகின் மணமும், தொட்டுண்ண மீனும், ஆடலும் பாடலுமே கூறப்படுகின்றன. ஒரே புலவர், ஒரே நூல், ஒரே பொருள். எனினும் அரண்மனையில் வெறியே கவர்ச்சி, சேரியில் கூட்டுறவே கவர்ச்சி. இவ்வேறுபாட்டை உரைகாரரும் பின்வந்தோரும் போதிய அளவு எடுத்துக்காட்டினாரல்லர் என்பது நம் கருத்து.

இது கடையா, விருந்தோம்பலா எனின், விலை பேசப்படாமையின் கடையென்று சாதித்தல் இயலாது. கடைக்குரிய அடையாளத்தைப் பட்டினப்பாலையிற் காணலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் மீனும் ஊனும் பொரியும் ஒலி மிக்க முற்றத்தில் கள்விலைக்குரிய கொடி பறக்கின்றது. ஊர் அறியாதார் வந்து குழுமும் துறைமுக நகருக்குக் கொடி வேண்டும்; நுளையர் சேரிக்கு அது வேண்டுவதின்று. அந்நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கூழைத் துழாவி ஆற்றி, சாடியில் இட்டு, இரு பகலும் இரவும் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழியும் முறையை அடுக்களைப் பெண்டிர்க்குரிய நுண்மையுடன் விரிக்கின்றார். தேறல், பிழி, தோப்பி, நறவு எனப் பல பெயர்கள் வழங்கினமை, செய்முறையும் பொருளும் இடந்தோறும் வேறுபட்டமைக்கு அறிகுறி. யவனர் கலத்திற் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்திற் பருகுவதாகப் புறநானூற்று 56ஆம் பாட்டுக் கூறும். அதற்கும் இச்சேரிக்கும் தொடர்பு இன்று.

நெய்தலை விட்டு நீங்கிய பாணர்க்கு வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிஞ்சோறும், ஆமூரில் உழவர் தங்கை தன் மக்கள்போல் தடுத்து ஊட்டும் வெண்சோறும் நண்டும் கிடைக்கின்றன. ஒவ்வோரூரிலும் சமைத்த பெண் சுட்டப்படுகின்றாள். தேறல் எயிற்பட்டினத்திற்கே உரித்தாயிற்று.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில், மெத்தனால் கலந்த சாராயத்தைப் பருகிப் பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நத்தத்தனார் பாடிய அதே கரை. அச்செய்தியை அறிந்தபின் இப்பகுதியை மாணவர்க்குப் பாடஞ்சொல்லப் புகுவார், சொற்கிடக்கை முறையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். திங்களும் ஏங்கும் முகமும், வேல்போலும் நோக்கும் உடையவளாக நுளைமகள் முன்னர் வருகின்றாள். அவள் அரித்தது என்பது அடுத்து வருகின்றது. தேறல் என்னும் சொல் அதன் பின்னரே வருகின்றது.