டெரெக்: பெயரளவில் கேப்டன்

1986 மே மாதம் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி பிரதர்ஹுட் ஆஃப் ஜஸ்டிஸ்' என்றொரு படம் வந்தது. திரையரங்குப் பக்கமே போகாமல் நேரே வீட்டுக் கூடத்துக்கு வந்த படம். இன்று அதைத் தேடிப் பிடித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நடிகர் பட்டியலுக்காகவே பார்க்கிறார்கள். கியானு ரீவ்ஸ், கீஃபர் சதர்லேண்ட், பில்லி ஜேன், லோரி லாஃப்லின் என்று பின்னாளில் பெயர் வாங்கிய நாலு பேர் அதில் இளம் பிள்ளைகளாக நிற்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்தில் அதற்கென்ன வேலை என்று கேட்டால் பதில் இருக்கிறது. ரீவ்ஸ் ஏற்றிருக்கும் கதாநாயகன் டெரெக் தன் பள்ளியின் ஃபுட்பால் அணிக்குக் கேப்டன். கதையில் நடக்கிற அத்தனை விபரீதத்துக்கும் வேர் அந்தப் பதவியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கதை சிக்கலானது அல்ல. பள்ளியில் திருட்டு, போதைப்பொருள், நாசவேலை. இதற்கெல்லாம் மாணவர்களே ஏதாவது செய்யுங்கள் என்று தலைமையாசிரியர் வேண்டுகோள் வைக்கிறார். டெரெக்கும் அவனுடைய வசதியான வீட்டு நண்பர்களும் ரகசியக் குழு ஒன்றைத் தொடங்குகிறார்கள். முதலில் போதை விற்பவனையும் திருடுபவனையும் மிரட்டுகிறார்கள். பலன் கிடைக்கிறது. பலன் கிடைத்ததுதான் வினை. மிரட்டல் அடியாகிறது, சந்தேகமே தீர்ப்பாகிறது. கடைசியில், டெரெக்கின் காதலி கிறிஸ்டியோடு உணவகத்தில் வேலை பார்க்கும் விக்டர் என்ற பையனின் காரில் வெடிகுண்டு வைக்கும் அளவுக்குப் போகிறார்கள். அப்போதுதான் டெரெக்குக்கு உறைக்கிறது.

இனி அந்தக் கேப்டன் பதவிக்கு வருவோம். கேப்டன் என்றதும் கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு ஒரு பிம்பம் வரும். ஃபீல்டரை நகர்த்துபவர், பந்துவீச்சாளரை மாற்றுபவர், தோற்றால் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்பவர். அமெரிக்க ஃபுட்பாலில் கேப்டனுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. டாஸ் போடும்போது நடுவில் போய் நிற்பார். எதிரணி தவறு செய்தால் அபராதத்தை ஏற்கிறோமா, வேண்டாமா என்று நடுவரிடம் சொல்வார். மரியாதைக்குரிய இடம்தான். ஆனால் அடுத்து என்ன ஆட்டம் ஆடுவது என்பது பெரும்பாலும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரிடமிருந்து வருகிறது. பள்ளி மட்டத்தில் கேட்கவே வேண்டாம். அங்கே வளர்கிற பையன் இரண்டு பாடங்களை நன்றாகக் கற்கிறான்: சொன்னதைப் பிசகாமல் செய்வது, பக்கத்தில் நிற்கும் தோழனைக் கைவிடாமலிருப்பது. சொன்னது தப்பு என்றால் என்ன செய்வது என்பது அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

படத்தில் அந்தப் பயிற்சியாளர் இடத்துக்குத் தலைமையாசிரியர் வருகிறார். நடித்திருப்பவர் ஜோ ஸ்பானோ. 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' தொடரில் துப்பாக்கியைவிடப் பேச்சை நம்பும் மென்மையான போலீஸ்காரராக வந்து அமெரிக்க வீடுகளில் நல்ல பெயர் எடுத்திருந்தவர். அவரைப் பிடித்து இந்த வேடத்தில் போட்டது கெட்டிக்காரத்தனம். வில்லத்தனமான ஓர் ஆசாமி அந்த வேண்டுகோளை விடுத்திருந்தால் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகப் பார்த்திருப்போம். இவரோ நல்ல மனிதர், சலித்துப்போனவர். ஆட்டத்தைச் சொல்லி அனுப்பிவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுகிறார். எல்லைக்கோட்டில் ஆள் இல்லை. விசில் ஊதவும் ஆள் இல்லை. பதினெட்டு வயதுகூட நிரம்பாத பையன்கள் பந்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

அந்த வெற்றிடத்தில்தான் பில்லி ஜேன் நுழைகிறார். குழுவில் ஒருவனாக அவர் ஏற்றிருக்கும் லெஸ் பாத்திரத்துக்குப் பதவி எதுவும் இல்லை, பசி இருக்கிறது. ரீவ்ஸும் ஜேனும் சேர்ந்து வரும் காட்சிகளில் வசனத்தை மறந்துவிட்டு உடல்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஜேன் முன்னால் சாய்கிறார், இடைவெளியை மூடுகிறார், மற்றவர் பேசி முடிக்கும் முன்பே சிரித்துவிடுகிறார். பதினொரு ஆண்டுகள் கழித்து 'டைட்டானிக்' கப்பலில் பணத்திமிரோடு அவர் நடந்த நடையின் ஒத்திகை இங்கேயே தொடங்கிவிட்டது. ரீவ்ஸ் எதிர்ப்பதில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறார், ஒரு கணம் தாமதித்துத் தலையசைக்கிறார். அந்த ஒரு கணத் தாமதத்தில் அணி கைமாறிவிடுகிறது.

ரீவ்ஸுக்கு அன்று நடிக்கத் தெரியவில்லை என்பது இந்தப் படத்தைப் பற்றிச் சுலபமாகச் சொல்லப்படும் குறை. மரக்கட்டை என்ற பட்டம் அவருக்குப் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்ததும் உண்மைதான். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. டொராண்டோவில் பள்ளியில் படித்தபோது அவர் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். 'சுவர்' என்று செல்லப்பெயர் வாங்கும் அளவுக்கு நல்ல கோல்கீப்பர். இதே 1986-இல் வந்த 'யங்பிளட்' ஹாக்கிப் படத்திலும் அவருக்குக் கோல்கீப்பர் வேடம். கோல்கீப்பரின் புத்தி தனி. முழு ஆட்டமும் அவர் கண் முன்னால் நடக்கும். எதையும் அவர் தொடங்கிவைப்பதில்லை. வருவதற்காகக் காத்திருப்பார், வந்தபின் பாய்வார். டெரெக்கும் அப்படித்தான் இருக்கிறான். எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. தன் வலைக்குள் பந்து வரும் வரைக்கும், அதாவது கிறிஸ்டிக்கு வேண்டிய ஒருவனின் உயிர் வரைக்கும், அவன் அசைவதில்லை. தெரிந்து செய்தாரா, உடம்பில் ஊறிய பழக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாத்திரத்துக்குப் பொருந்துகிறது, அது போதும்.

சதர்லேண்டைப் பற்றி இரண்டு வரி. அவர் ஏற்ற விக்டர் அமைதியான, வேலைக்குப் போகிற பையன். அடுத்த ஆண்டே 'தி லாஸ்ட் பாய்ஸ்' படத்தில் ரத்தம் குடிக்கும் கும்பலுக்குத் தலைவனாக வந்து மிரட்டிய அதே ஆள்தானா என்று இருக்கிறது. கிறிஸ்டியாக வரும் லோரி லாஃப்லினுக்கு இரு பையன்களுக்கும் நடுவே நிற்பதைத் தவிரத் திரைக்கதை வேறு வேலை தரவில்லை.

படத்துக்குப் பின்னால் நிஜச் சம்பவம் ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரின் பாஸ்கல் உயர்நிலைப் பள்ளியில், 1985-இல், மாணவர் குழு ஒன்று பிடிபட்டது. திருட்டையும் போதையையும் ஒழிக்கிறோம் என்று கிளம்பி, வெடிகுண்டு வரை போன குழு. அதில் ஃபுட்பால் வீரர்களும் இருந்தார்கள், முதல்தர மதிப்பெண் வாங்கியவர்களும் இருந்தார்கள். குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'லீஜன் ஆஃப் டூம்'. சூப்பர்மேன், பேட்மேன் வரும் கார்ட்டூன் தொடரில் அது வில்லன்களின் சங்கம்! நீதியைக் காக்கப் புறப்பட்டவர்கள் ஏன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை யோசிக்காமல், தொலைக்காட்சிக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு 'நீதிச் சகோதரர்கள்' என்று கௌரவமாக மாற்றியது படத்தின் பெரிய இழப்பு. சங்கம் தொடங்கும்போதே பையன்களுக்கு உள்ளூர இருந்த குதூகலம் அதோடு போய்விட்டது.

அந்த வருஷத்து டெக்சாஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு பள்ளி ஃபுட்பால் ஆட்டத்துக்காக ஊரே கடையடைத்துக்கொண்டு போகிற மாநிலம் அது. 1984-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: ஒரு பாடத்தில் தேறாவிட்டால் ஆறு வாரம் மைதானத்தில் இறங்கக் கூடாது. பயிற்சியாளர்கள் கொதித்தார்கள், பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நல்ல மாணவனே நல்ல வீரன் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், படிப்பிலும் தேறி ஆட்டத்திலும் இறங்கியவர்கள் இப்படி மாட்டினார்கள். நியூயார்க்கிலோ, 1984 டிசம்பரில் சுரங்க ரயிலில் நாலு இளைஞர்களைச் சுட்ட பெர்ன்ஹார்ட் கெட்ஸைப் பாதி ஊர் கொண்டாடிக்கொண்டிருந்தது. தனியொருவன் துப்பாக்கி தூக்கி நீதி வழங்கும், பையன்கள் பார்த்து வளர்ந்த 'டெத் விஷ்' வகைப் படங்களைச் சொல்லவே வேண்டாம். பெரியவர்கள் கைதட்டிய ஆட்டத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் ஆடிப் பார்த்தார்கள்.

இயக்குநர் சார்லஸ் பிரேவர்மன் வேகத்துக்குப் பெயர்போனவர். அமெரிக்காவின் இருநூறு ஆண்டு வரலாற்றை மூன்றே நிமிடத்தில் ஓடவிட்ட ஒரு குறும்படத்தால் 1968-இல் கவனம் பெற்றவர். இங்கே அந்த வேகம் பாதி நன்மை, பாதி தீமை. குழு கட்டுமீறிப் போவது மளமளவென்று நடப்பதால் நமக்கும் மூச்சு வாங்குகிறது. ஆனால் விளம்பர இடைவேளைக்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் அதிர்ச்சி வைத்தாக வேண்டும் என்ற தொலைக்காட்சிக் கட்டாயம் காட்சிகளைக் கத்தரித்துப்போட்டிருக்கிறது. டெரெக் முடிவெடுக்காமல் தவிக்கும் இடங்கள்தான் படத்தின் சாரம். அவற்றில் கேமரா நிற்பதற்குள் சோப்பு விளம்பரத்துக்கு நேரமாகிவிடுகிறது.

முடிவு எனக்குத் திருப்தி தரவில்லை. டெரெக் மனம் மாறி எதிர்த்து நிற்பதோடு கெட்டதெல்லாம் லெஸ் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. தொலைக்காட்சிக்கு அது வசதி. ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், லெஸ் ஆடிய ஒவ்வொரு நகர்வுக்கும் டெரெக்கின் மௌனம் அனுமதிச் சீட்டாக இருந்திருக்கிறது. அபராதத்தை ஏற்கிறோமா என்று கேட்கப்படும் போதெல்லாம் வேண்டாம் என்றே சொல்லிவந்தவன் அவன்.

அதன்பின் ரீவ்ஸ் இரண்டு முறை ஃபுட்பால்காரராக வந்தார். 1991-இல் 'பாயின்ட் பிரேக்' படத்தின் ஜானி யூட்டா, முழங்கால் அடிபட்டு ஆட்டத்தை விட்டுவிட்டு எஃப்பிஐயில் சேர்ந்த குவார்ட்டர்பேக், அதாவது களத்தில் அணியின் தாக்குதலை நடத்துபவன். மறுபடியும் தன்னைவிட வேகமான ஒருவன் பின்னால் இழுபடுகிறவன். 2000-இல் 'தி ரிப்ளேஸ்மென்ட்ஸ்' படத்தின் ஷேன் ஃபால்கோ. அதில் ஓர் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பயிற்சியாளராக வரும் ஜீன் ஹேக்மன் ஓர் ஆட்டத்தைச் சொல்லி அனுப்புகிறார். ஃபால்கோ பயந்து, கோட்டில் நின்றபடி அதை மாற்றி, பந்தை இன்னொருவன் கையில் தள்ளிவிடுகிறான். தோற்கிறார்கள். ஹேக்மன் கத்துவதில்லை; நீ ஏன் பந்தை வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார். டெரெக்கிடம் பள்ளியில் யாரும் கேட்காத கேள்வி அது.